எல்க் வேட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: விசையை அழுத்தும் முன்னும் பின்னும்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டைக்குப் போனால் ஜெயில்தான். அமெரிக்காவின் கொலராடோவில் கதை வேறு. எந்தப் பகுதி, எந்த வாரம், ஆணா பெண்ணா என்று உரிமத்திலேயே எழுதிக் கொடுத்து எல்க் என்ற பெரிய மானின் வேட்டையை மாநில அரசே முறைப்படுத்துகிறது. உரிமம் கையில் இருந்தால் சட்டத்துக்குப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் சுட்ட மான் சீக்கிரம் சாக வேண்டும், செத்த மான் கைக்குக் கிடைக்க வேண்டும், கிடைத்த இறைச்சி கெடக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றைக் கோட்டைவிட வைக்கும் தவறுகளே இங்கே.

மேசையில் பார்த்த துல்லியத்தை நம்புவது

சுடுதளத்தில் மேசைமேல் மணல்மூட்டை வைத்து 100 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் மூன்று குண்டு போட்டவர், மலையில் 300 கெஜத்துக்குத் தயார் என்று எண்ணிக்கொள்கிறார். எல்க் இருப்பதோ 8,000 முதல் 12,000 அடி உயரத்தில். மூச்சு வாங்கும், கை நடுங்கும், மேசை இருக்காது.

உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்க 9 அங்குலக் காகிதத் தட்டு ஒன்று போதும். கொஞ்சம் ஓடிவிட்டு வந்து, முதுகுப்பையின் மேல் ரைஃபிளைச் சாய்த்துப் படுத்தோ, தாங்குகோல் வைத்து உட்கார்ந்தோ ஐந்து முறை சுடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழுந்தால் 50 கெஜம் தள்ளி வையுங்கள். ஒரு குண்டு வெளியே போன தூரத்துக்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. அது 180 கெஜம் என்றால் 180 கெஜம்தான். பக்கத்துக் கூடாரக்காரர் 500 கெஜத்தில் அடித்தார் என்ற பேச்சைக் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். எதுவும் இல்லாமல் நின்றபடி சுடுவது, மிக அருகில் தவிர, கணக்கிலேயே வேண்டாம்.

சூடான குழலில் ஐந்தாவது குண்டு எங்கே விழுகிறது என்பதைவிட, ஆறிய குழலில் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். மலையில் கிடைப்பது அந்த ஒன்றுதான். பயணத்தில் ஸ்கோப் (ரைஃபிள்மேல் இருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கி) இடிபட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டு, முகாமுக்குப் போனதும் குறியைச் சரிபாருங்கள். தோட்டாவின் பிராண்டை மாற்றினாலும் குறி நகரும். குண்டின் எடை ஒன்றாக இருந்தாலும் சரி.

200 கெஜத்தில் குண்டு குறியிலேயே விழும்படி சரிசெய்த (சீரோ செய்த) .308 என்ற தோட்டா அளவுள்ள ரைஃபிளில் 165 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு 300 கெஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் தாழும், 400 கெஜத்தில் ஏறக்குறைய இரண்டடி. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 300 கெஜத்தில் அரையடி தள்ளிவிடும். சரிவில் சுடும்போது குண்டின் தாழ்வைக் கிடைத்தளத் தூரத்துக்கு எடுக்க வேண்டும்: 30 பாகைச் சரிவில் 300 கெஜம் என்பது 260தான். இதை மறந்தவரின் குண்டு, மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும், முதுகுக்கு மேலே போகும்.

பெரிய ரைஃபிள் தவறை மன்னிக்கும் என்று நினைப்பது

கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்பது குறைந்தது .24 அங்குலக் குழல் விட்டம், 85 கிரெய்ன் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். இது தரைமட்டம். .308 அல்லது .30-06இல் 165–180 கிரெய்ன் வேட்டைக்குண்டு தாராளமாகப் போதும். இதற்கு மேல் மேக்னம் (கூடுதல் வெடிமருந்துள்ள பெரிய தோட்டா) ரைஃபிள் வாங்குபவர்களில் பலர் அதன் உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடித் தோளைக் குலுக்குகிறார்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று பார்க்க, சுடுதளத்தில் நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் போலித் தோட்டாக்களைக் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். வெறும் ‘க்ளிக்’ வரும்போது குழல்முனை குதித்தால் சிறிய ரைஃபிளுக்கு மாறுங்கள். வயிற்றில் பட்ட மேக்னம் குண்டைவிட நுரையீரலில் பட்ட .308 எவ்வளவோ மேல்.

சுடும் போட்டிக்கான குண்டும், சிறு பிராணிகளுக்கான மெல்லிய குண்டும் எல்க்கின் தோள் எலும்பில் சிதறிவிடும், உள்ளே போகாது. பிணைத்த குண்டு (ஈய உள்பகுதியும் செம்பு உறையும் பிரியாதபடி ஒட்டியது) அல்லது முழுச் செம்புக் குண்டு வாங்குங்கள். செம்பு விரிவதற்கு வேகம் தேவை; எந்த வேகம் வரை விரியும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார், அந்த வேகம் தீரும் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த நிலையில் நின்றாலும் சுடுவது

பக்கவாட்டில் நிற்கும் மான்தான் முதல் தேர்வு. முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே வந்து, மார்பின் அடிக்கோட்டிலிருந்து உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். இரண்டு நுரையீரலும் அங்கே இருக்கின்றன, கொஞ்சம் தாழ்ந்தால் இதயம். கொஞ்சம் விலகித் திரும்பி நின்றால் அந்தப்பக்க முன்னங்காலை மனத்தில் வைத்து, குண்டு அங்கே வெளியேறும்படி குறிவையுங்கள். அப்போது நுழையும் இடம் விலா எலும்புகளின் பின்பகுதிக்குத் தள்ளிப் போகும், அது சரிதான்.

முதுகு காட்டி நிற்பது, நம்மை நேராகப் பார்ப்பது, ஓடுவது: மூன்றையும் விட்டுவிடுங்கள். தலைக்குக் குறிவைப்பது கெட்டிக்காரத்தனம் போலத் தெரியும். மான் தலையை அசைத்தால் தாடை உடைந்து, நாட்கணக்கில் தின்ன முடியாமல் சாகும்.

எல்க் கூட்டமாக நிற்கும். ஒரு மானைத் துளைத்த குண்டு பின்னால் நிற்பதையும் தாக்கும். முன்னாலும் பின்னாலும் வேறு மான் இல்லை, குண்டைத் தாங்க மண்மேடு இருக்கிறது என்று உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும். மலைமுகட்டில் வானத்தை ஒட்டித் தெரியும் மானைச் சுடவே கூடாது. ஸ்கோப்பைப் பைனாகுலராக்கி எதையாவது தேடுவதும் கூடாது. அந்தப் பக்கம் இருப்பது மனிதராக இருக்கலாம்.

கொலராடோவில் 1978 முதல் மூஸ் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் என்று நினைத்து மூஸைச் சுடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூஸ் கறுத்த உடல், தொங்கும் மூக்கு. எல்க்கின் பின்புறம் வெளிர்மஞ்சள். அதிகாலை மங்கலில் அந்த வெளிர்த்திட்டு தெரியாவிட்டால் விசையில் விரலே வைக்காதீர்கள்.

சுட்டவுடன் எழுந்து ஓடுவது

புதியவர்கள் மானை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பிலேயே இருங்கள். எல்க் இரண்டு நுரையீரலிலும் அடி வாங்கிக்கொண்டு ஒன்றும் ஆகாதது போல் நிற்கும். நின்றால் மறுபடி சுடுங்கள், விழும்வரை. ‘ஒரே குண்டு’ பெருமை இங்கே உதவாது.

பிறகு மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் ஒரு மரம், ஒரு பாறை என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சுட்ட இடத்தில் ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்டிவிட்டுப் போங்கள். பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் எல்லாப் புதரும் ஒன்றுபோல் தெரியும்.

அங்கே கிடைக்கும் இரத்தம் நிறைய சொல்லும். இளஞ்சிவப்பில் நுரை இருந்தால் நுரையீரல்: அரை மணி நேரம் பொறுத்துப் போங்கள், 200 கெஜத்துக்குள் பெரும்பாலும் கிடக்கும். நுரையில்லாமல் கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல்: மூன்று நான்கு மணி நேரம். பச்சை கலந்த நீர், புல் தீனி, நாற்றம் என்றால் குடல்: ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். உடனே துரத்தினால் எழுந்து ஒரு மைல் போய்விடும், பின்பு தடயமும் கிடைக்காது. பனியோ மழையோ வரும்போல் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கைச் சுருக்கலாம். இரத்தம் நின்றுவிட்டால் கடைசித் துளியில் அடையாளம் வைத்து, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக விரித்துத் தேடுங்கள். இரத்தமே இல்லை, ஆகவே குறி தவறிவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். உடலின் மேற்பகுதியில் குண்டு நுழைந்தால் இரத்தம் உள்ளேயே நிரம்பும், வெளியே சொட்டு விழ நேரமாகும்.

இறைச்சியை யோசிக்காமல் சுடுவது

ஆண் எல்க் ஒன்று சுமார் 300 கிலோ. எலும்போடு ஒரு பின்தொடை மட்டும் 30 கிலோ இருக்கும். இருவர் சுமந்தால் மூன்று நான்கு நடை. சாலையிலிருந்து நான்கு மைலில், ஆழ்ந்த பள்ளத்தில், வெயில் நாளில் சுடுவது அந்த இறைச்சியை அழுகவிடச் சம்மதிப்பதுதான். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது குற்றமும்கூட.

கெடுவது தொடையெலும்பைச் சுற்றித்தான் தொடங்கும், சூடு அங்கேதான் அடைபடும். தோலை உடனே உரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது. காயத்தைச் சுற்றி ஒரு சாண் அளவு வெட்டிவிடுங்கள். ஈயக் குண்டென்றால் கண்ணுக்குத் தெரியாத துகள் அதையும் தாண்டிப் போயிருக்கும். விட்டுவந்த குடலைத் தின்னும் கழுகுகள் அதே ஈயத்தால் சாகின்றன. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டையே தடைசெய்துவிட்டது.

இறைச்சியோடு பாலின அடையாளம் இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது கொலராடோ விதி. அதை அறுத்தெறிந்துவிட்டு அபராதம் கட்டுபவர்கள் உண்டு. மான்களுக்கு வரும் தீராத மெலிவு நோய் முதன்முதலில் தென்பட்டதும் இதே மாநிலத்தில்தான், 1967இல். அதனால் மூளையையும் தண்டுவடத்தையும் வெட்டாமல் விட்டு, தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாக உறையவையுங்கள்.