சட்டைப் பையில் பேனா இருந்தால் தாத்தா கிளார்க்கா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் ஒன்று உண்டு. கோட்டு, பையில் பேனா, கையில் கடிகாரம், பக்கத்து ஸ்டூலில் தடித்த புத்தகம். கோயம்புத்தூர் மில் ஒன்றில் அவர் கிளார்க்காக இருந்தார் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு ஒருநாள் தகரப் பெட்டியின் அடியில் அவருடைய சர்வீஸ் சர்டிபிகேட் கிடைத்தது. அதில் இருந்த பிரிவு கார்டிங். பஞ்சைச் சிக்கெடுத்து வாரி, நூற்க வாகாக ஆக்கும் இடம். வேலை முடிந்து வரும்போது தலை, புருவம், மீசையெல்லாம் பஞ்சு அப்பியிருக்கும். கோட்டும் புத்தகமும் ஸ்டுடியோக்காரருடையவை. சொந்தக்காரர் ஒருவர் வீட்டுப் படத்திலும் அதே ஸ்டூல், அதே புத்தகம் இருப்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

பழைய குடும்பப் படத்தை வைத்து முன்னோர் செய்த ஆலை வேலையைக் கண்டுபிடிக்க நினைப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். மில் வேலைக்காரர் வேலைக் கோலத்தில் ஸ்டுடியோவுக்குப் போகமாட்டார். படம் எடுப்பதே அந்தக் கோலத்தைக் கழற்றிவைக்கும் ஒரு நாளில்தான். ஆகவே உடையைப் பார்த்து வேலையை ஊகிப்பது பெரும்பாலும் தலைகீழாகவே முடியும். இறந்தவர் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த ஓவியர்கள், இல்லாத கோட்டையும் தங்கச் சங்கிலியையும் தூரிகையாலேயே போட்டுவிடுவார்கள். அதை வைத்து வாதாடுவதில் பயனில்லை.

அடுத்தது காக்கி. காக்கி தெரிந்தால் போதும், "ரயில்வே", "போலீஸ்" என்று ஆளாளுக்கு முடிவு கட்டிவிடுவார்கள். டிரைவர், பியூன், தபால்காரர், மில் வாட்ச்மேன் எல்லோரும் உடுத்திய துணி அது. அதோடு, கறுப்பு வெள்ளைப் படத்தில் அது காக்கிதான் என்று எப்படித் தெரியும்? பழைய பிலிம்களில் பலவற்றுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துத் தெரியும். ஒர்க்ஷாப் ஆளின் நீலச் சட்டை ஏறக்குறைய வெள்ளைச் சட்டையாகவே வந்திருக்கும். இப்போது செல்போன் ஆப்பில் போட்டு வண்ணம் ஏற்றிப் பார்ப்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அந்த வண்ணம் முழுக்க ஆப்பின் ஊகம். மங்கிய பேட்ஜைக் கூர்மையாக்கச் சொன்னால், இல்லாத எழுத்தையும் அது எழுதித் தரும். அதைவிட ஒரு பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் பிடித்த டார்ச்சும் நம்பகமானவை. ஒன்று மட்டும் பாருங்கள்: ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் இருப்பதுதான் வழக்கம். படத்திலிருக்கும் அத்தனை பேருக்கும் அது வலப்பக்கம் இருந்தால், நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள்.

குரூப் போட்டோ கிடைத்துவிட்டால் சந்தோஷம்தான், ஆனால் அதிலும் ஏமாறலாம். மில் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறார் என்பதாலேயே அவர் தொழிலாளி ஆகிவிடமாட்டார். பெரிய மில்கள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூட்டுறவுப் பண்டகசாலை எல்லாம் நடத்தின. அந்த வாத்தியாரும் கம்பவுண்டரும்கூட அதே வாசலில் நின்று படம் எடுத்திருப்பார்கள். படம் எதற்காக எடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். துரைக்குப் பிரிவுபசாரமா, சங்க ஆண்டுவிழாவா, கால்பந்துக் குழுவா? நாற்காலியில் உட்கார்ந்தவர், பின்னால் நிற்பவர், தரையில் சம்மணமிட்டவர் என்ற வரிசை பதவியைக் கொஞ்சம் காட்டும். கொஞ்சம்தான். விழா நாயகரும் மூத்தவர்களும் பதவி இல்லாமலேயே நாற்காலியில் இருப்பார்கள். பெயர்கள் அச்சிட்ட அட்டையை ஃபிரேம் போட்டவர் வெட்டியோ மடித்தோ இருக்கலாம். பின்பலகையைக் கழற்றிப் பார்க்காமல் "பெயர் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். கழற்றும்போது படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்க வேண்டாம்.

சொற்களும் காலை வாரும். "மேஸ்திரி தாத்தா" என்று வீட்டில் சொல்வார்கள். கட்டடத்தில் மேஸ்திரி கொத்தனார், மில்லில் மேஸ்திரி ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவர், தேயிலைத் தோட்டத்தில் கங்காணிக்கு நிகரானவர். "மில்" என்பதும் அப்படித்தான். அரிசி மில்லா, எண்ணெய் மில்லா, பஞ்சு மில்லா என்று கேட்காமல் கதையைத் தொடங்கக்கூடாது.

வருடக் கணக்கு போடாதது இன்னொரு பெரிய தவறு. பின்பக்கம் "1932" என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தால், அது பிற்பாடு யாரோ நினைவிலிருந்து எழுதியது. அந்தப் பேனா 1940களில்தான் கடைக்கே வந்தது. ஆலையின் வயதையும் படத்தின் வயதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888இலேயே வந்துவிட்டது, ஆனால் மில்கள் பெருகியது 1930களில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு. சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955இல் தொடங்கியது. அதற்கு முந்தைய படத்தைக் காட்டி "ஐ.சி.எஃப். வாசலில் தாத்தா" என்றால் பொருந்தாது. அது அருகிலிருந்த பழைய ரயில்வே ஒர்க்ஷாப்பாக இருக்கலாம்.

முரண்போலத் தெரிவது சில சமயம் முரணே இல்லை. "(திருச்சி) பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை" என்பார்கள், படத்தின் அட்டையில் நாகப்பட்டினம் ஸ்டுடியோ முத்திரை இருக்கும். தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்ஷாப் முதலில் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது, 1920களின் இறுதியில் பொன்மலைக்கு மாறியது. ஆளும் கூடவே வந்திருப்பார். குடும்பக் கதையும் சரி, முத்திரையும் சரி.

ஆகவே படத்தை மட்டும் நம்பாமல் காகிதத்தையும் தேடுங்கள். 1952இல் வருங்கால வைப்புநிதிச் சட்டம் வந்தபோது முதலில் சேர்த்த தொழில்களில் பஞ்சாலையும் ஒன்று. அதனால் ஐம்பதுகளுக்குப் பிறகு மில்லில் இருந்தவருக்கு பி.எஃப். காகிதம் ஏதாவது இருக்க வாய்ப்புண்டு. சங்கச் சந்தா ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைப் பதிவில் தகப்பனார் தொழில், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட்ட மில் பெயர் எல்லாம் உதவும்.

பெண்களை விட்டுவிடுவதை நான் கடைசியில் வைத்ததே ஒரு தவறுதான். நூலைச் சுற்றும் ரீலிங், ஒயின்டிங் பிரிவுகளில் பெண்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக இருக்கும் படத்தில் அதற்கு எந்த அடையாளமும் இருக்காது. வீட்டிலும் அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். தாத்தா படத்தைப் பெரியம்மாவின் மடியில் வைத்து, "இவர் எந்த ஷிப்ட்டு?" என்று கேட்டேன். "இவரை விடு. உன் பாட்டி ரீலிங்குக்குப் போகும்போது என்னை ஆயாகிட்ட விட்டுட்டுத்தான் போவா" என்றார். பாட்டி வேலைக்குப் போனதே அன்றுவரை எனக்குத் தெரியாது.