ஜாவா வலைச் செயலியில் நிகழ்வுகள்: கமிட்டுக்கு முன்பா, பின்பா?

பெங்களூரு அல்சூரில் ஒரு தமிழர் சங்கத்தின் கல்யாண மண்டபத்தை இணையத்தில் முன்பதிவு செய்வதற்கான சிறிய செயலி ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முன்பதிவு ஆனதும் மூன்று வேலைகள் நடக்க வேண்டும்: பதிந்தவருக்குத் தமிழில் ரசீது மின்னஞ்சல் போக வேண்டும், மண்டபத்தைத் திறந்து வைக்கும் காவலாளிக்குக் கன்னடத்தில் எஸ்எம்எஸ் போக வேண்டும், பொருளாளரின் கணக்கில் முன்பணத்துக்கு ஒரு வரி ஏற வேண்டும். மூன்றையும் முன்பதிவு கிளாஸே நேரடியாக அழைத்தால், பொதுக்குழுவில் யாராவது புதிதாக ஒன்றைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கிளாஸில் கைவைக்க நேரும். "முன்பதிவு ஆகிவிட்டது" என்று அந்தக் கிளாஸ் அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, வேண்டியவர்கள் கேட்டுக்கொள்வதே நிகழ்வு முறை. அப்படிக் கேட்பவை, பதிவு டேட்டாபேஸில் உறுதியாவதற்கு (கமிட்) முன்பு ஓட வேண்டுமா, பின்பா என்பதே இங்கே கேள்வி.

இதற்கெனத் தனி லைப்ரரி தேவையில்லை. 2009-இல் வெளிவந்த ஜாவா இஇ 6 (சர்வர் செயலிகளுக்கான ஜாவா தரநிலை) முதலே, பொருள்களை உருவாக்கி ஒன்றோடொன்று இணைக்கும் சிடிஐ என்ற பகுதியில் இந்த வசதி இருக்கிறது. ஜகார்த்தா இஇ (ஜாவா இஇயின் இன்றைய பெயர்) 9 முதல் பேக்கேஜ் பெயர்கள் ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்று மாறிவிட்டதால், இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளை எடுத்தாளும்போது இம்போர்ட் வரிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'முன்பதிவானது' என்ற பொருளில் ஒரு சாதாரண கிளாஸை எழுதுங்கள். அதில் முன்பதிவு எண், தேதி, கைபேசி எண், பதிந்தவரின் பெயர் ஆகியவை மட்டும், பின்னால் மாற்ற முடியாத ஃபைனல் புலங்களாக இருக்கட்டும். டேட்டாபேஸ் என்டிட்டியையே (டேபிளின் ஒரு வரியைக் குறிக்கும் பொருள்) நிகழ்வுக்குள் வைத்து அனுப்பும் பழக்கம் பலரிடம் இருக்கிறது; டிரான்சாக்‌ஷன் (முழுதும் நிறைவேறும் அல்லது முழுதும் ரத்தாகும் டேட்டாபேஸ் வேலைத் தொகுப்பு) முடிந்த பிறகு அதன் லேஸி புலம் (தொடும்போதுதான் டேட்டாபேஸிலிருந்து ஏற்றப்படுவது) ஒன்றைத் தொடும்போதுதான் அதன் தொல்லை தெரியவரும். பிறகு முன்பதிவு கிளாஸில் அந்த வகைக்கான 'ஈவென்ட்' பொருளை @இன்ஜெக்ட் மூலம் பெற்று, பதிவைச் சேமித்த அடுத்த வரியில் அதன் 'ஃபயர்' மெத்தடை அழையுங்கள். கேட்கும் பக்கத்தில், மெத்தடின் அளவுருவுக்கு முன் @அப்சர்வ்ஸ் என்று குறித்தால் போதும்; அந்த மெத்தடே அப்சர்வர்.

இவ்வளவும் செய்தும் அப்சர்வர் ஓடவில்லையென்றால், பிழைச் செய்தி எதுவும் வராது. கேட்க ஆள் இல்லாத நிகழ்வு சத்தமின்றிப் போய்விடும். அந்த கிளாஸுக்கு @அப்ளிகேஷன்ஸ்கோப்டு போன்ற ஸ்கோப் குறிப்பு (பொருள் எவ்வளவு காலம் வாழும் என்று சொல்வது) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறுமையான பீன்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பு இருந்தால் முன்பு எல்லா கிளாஸ்களும் பீன்களாக (சிடிஐ நிர்வகிப்பவையாக) எடுத்துக்கொள்ளப்பட்டன. 2022-இல் வந்த சிடிஐ 4.0 முதல், குறிப்பிட்ட அனோட்டேஷன்கள் உள்ளவை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சர்வரைப் புதுப்பித்த மறுநாள் எஸ்எம்எஸ் நின்றுபோனால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 'ஃபயர்' என்பது எங்கோ ஒரு வரிசையில் செய்தியைப் போட்டுவிட்டுத் திரும்புவதல்ல; எல்லா அப்சர்வர்களும் அதே த்ரெட்டில் (நிரல் ஓடும் இழையில்), அதே டிரான்சாக்‌ஷனுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடித்த பிறகே அடுத்த வரிக்குக் கட்டுப்பாடு வரும். ஓர் அப்சர்வர் எக்ஸெப்ஷன் எறிந்தால் மீதமுள்ளவை ஓடாது. அந்த எக்ஸெப்ஷன் முன்பதிவு மெத்தடுக்கே வந்து சேரும். கணக்கு வரிக்கு இதுவே பொருத்தம், ஏனெனில் கணக்கில் ஏறாத முன்பதிவு சங்கத்துக்கு வேண்டாம்.

மின்னஞ்சலுக்கு இது பொருந்தாது. தை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றை இரண்டு குடும்பங்கள் ஒரே நிமிடத்தில் பதிகின்றன என்று கொள்வோம். ஒரே தேதி இருமுறை வராதபடி டேட்டாபேஸில் யுனிக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் ஜாவா பொருள்களை டேட்டாபேஸில் சேமித்துத் தரும் ஜேபிஏ பெரும்பாலும் கமிட்டின்போதுதான் இன்சர்ட்டை அனுப்புவதால், இரண்டாவது பதிவு தோற்பது அப்போதுதான் தெரியும். அதற்குள் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரே நாளுக்கு இரண்டு சம்பந்திகள் ரசீதோடு வாசலில் நிற்பார்கள். ஆகவே மின்னஞ்சல் அப்சர்வரில் @அப்சர்வ்ஸ் குறிப்புக்குள் 'ட்யூரிங்' மதிப்பாக ஆஃப்டர்_சக்சஸ் என்று கொடுங்கள். கமிட் வெற்றி பெற்றால் மட்டுமே அது ஓடும்.

இதைப் பயன்படுத்தும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முன்பதிவு மெத்தடில் @டிரான்சாக்‌ஷனல் (மெத்தடை டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டும் குறிப்பு) இல்லாவிட்டால், 'ட்யூரிங்'-இல் கட்டத்தைக் குறித்தும் பயனின்றி அப்சர்வர் உடனடியாக ஓடிவிடும். கமிட்டுக்குப் பின் ஓடும் அப்சர்வரில் எழும் எக்ஸெப்ஷன் யாரையும் தடுக்காது. லாகில் மட்டும் பதிவாகும். பழைய டிரான்சாக்‌ஷன் முடிந்துவிட்டதால், அங்கிருந்து டேட்டாபேஸில் எழுத முனையாதீர்கள்.

எஸ்எம்எஸ் இன்னும் சற்றுச் சிக்கலானது. ஆஃப்டர்_சக்சஸ் அப்சர்வரும் அதே த்ரெட்டில்தான் ஓடுகிறது என்பதால், எஸ்எம்எஸ் கேட்வே பத்து விநாடி தாமதித்தால் பதிந்தவரும் அவ்வளவு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2017-இல் வந்த சிடிஐ 2.0 இதற்காக 'ஃபயர்அசிங்க்' மெத்தடையும் @அப்சர்வ்ஸ்அசிங்க் குறிப்பையும் தந்தது. ஆனால் முன்பதிவு மெத்தடிலிருந்தே ஃபயர்அசிங்க் அழைத்தால், கமிட் ஆவதற்கு முன்பே வேறொரு த்ரெட் தொடங்கி, இன்னும் எழுதப்படாத பதிவைத் தேடக்கூடும். அசிங்க் அப்சர்வருக்கு டிரான்சாக்‌ஷன் கட்டம் குறிக்கவும் வழியில்லை. எனவே சாதாரண ஃபயர், அதைக் கேட்கும் ஓர் ஆஃப்டர்_சக்சஸ் அப்சர்வர், அதிலிருந்து வேறொரு நிகழ்வு வகைக்கு ஃபயர்அசிங்க் என்று இரண்டு படியாகச் செய்வதே என் பரிந்துரை. அசிங்க் அப்சர்வருக்குத் தனி @டிரான்சாக்‌ஷனல் கொடுத்தால், எஸ்எம்எஸ் போன விவரத்தை அங்கே எழுதிக்கொள்ளலாம். அழைத்தவரின் ரிக்வெஸ்ட் ஸ்கோப் அந்தத் த்ரெட்டுக்கு வராது. லாகின் செய்தவரின் பெயர் வேண்டுமென்றால் நிகழ்விலேயே வைத்து அனுப்புங்கள். கேட்வே நிராகரிப்பதும் உண்டு (எஸ்எம்எஸ் வாசகங்களை முன்கூட்டியே பதிய வேண்டிய டிஎல்டி தளத்தில் பதியாத கன்னட டெம்ப்ளேட் என்றால் போகவே போகாது), அந்தப் பிழையைப் பிடித்து லாகில் எழுதுவதும் உங்கள் பொறுப்பே. சர்வர் இடையில் நின்றால் அசிங்க் நிகழ்வு தொலைந்துபோகும். தொலையவே கூடாத செய்தி என்றால் ஜேஎம்எஸ் (ஜாவாவின் செய்தி வரிசை வசதி) போன்ற வரிசைக்கோ, அனுப்ப வேண்டியவற்றை எழுதிவைக்கும் ஒரு டேபிளுக்கோ போக வேண்டும்.

முன்பதிவை ரத்து செய்வதற்கு, ஒரே வகை நிகழ்வுகளைப் பிரித்துக் காட்டும் குறிப்பான குவாலிஃபையரை வைக்கலாம். சிறிய செயலியில் 'முன்பதிவு ரத்தானது' என்று இன்னொரு கிளாஸ் எழுதுவது படிக்க எளிது. வரிசை தேவைப்பட்டால் @பிரையாரிட்டி இருக்கிறது, சிறிய எண் முதலில் ஓடும். ஆனால் ஓர் அப்சர்வர் இன்னொன்றுக்குப் பிறகே ஓடியாக வேண்டும் என்றால், அவற்றை ஒரே மெத்தடாக்குவதே நல்லது.

சோதிப்பதற்கு, தேதி காலியா என்று பார்த்த வரிக்குப் பின் ஐந்து விநாடி ஸ்லீப் வைத்து, இரண்டு பிரவுசர்களிலிருந்து ஒரே தேதியைப் பதியுங்கள். ஒரு மின்னஞ்சல், ஒரு எஸ்எம்எஸ், ஒரு கணக்கு வரி மட்டும் வர வேண்டும். மின்னஞ்சல் இரண்டு வந்தால் 'ட்யூரிங்' மதிப்பையும், கணக்கு வரி இரண்டு இருந்தால் @டிரான்சாக்‌ஷனல் குறிப்பையும் பாருங்கள்.