ஏரி ட்ரவுட்டுக்கு மூழ்கும் நூல்: ஆழத்தை எண்ணி மீன்பிடிக்கும் முறை

ஏரியில் வாழும் ட்ரவுட் மீன் தன் உணவின் பெரும்பகுதியை நீர்மட்டத்துக்குக் கீழேயே தேடிக்கொள்கிறது. மிட்ஜ் என்னும் கொசு போன்ற சிறு பூச்சியின் கூட்டுப்புழு, ஊசித்தட்டானின் இளம்பருவம், அட்டை, சிற்றிறால், மீன்குஞ்சு ஆகியவை நீர்ச்செடிகளை ஒட்டியும் அடித்தரையை ஒட்டியும் திரிவதால், மீனும் அங்கேயே சுற்றிவருகிறது. மிதக்கும் நூலில் நீண்ட லீடரையும் (நூலின் நுனியில் கட்டும் மெல்லிய இழை) கனமான ஃப்ளையையும் (மீனின் இரையைப் போல் கொக்கியில் கட்டிய செயற்கை இரை) கட்டி அந்த ஆழத்தை எட்ட முடியும் என்றாலும், இழுக்கத் தொடங்கியதும் மேலே கிடக்கும் நூல் ஃப்ளையையும் மேல்நோக்கி இழுத்துக்கொண்டு வந்துவிடும். எட்டிய ஆழத்திலேயே ஃப்ளையை வெகுதூரம் ஓடவிட வேண்டும் என்பதற்காகத்தான் மூழ்கும் நூல் தேவைப்படுகிறது.

இந்த நூல்களின் மேற்பூச்சில் டங்ஸ்டன் தூள் போன்ற கனமான பொருளைக் கலந்திருப்பார்கள். கலப்பின் அளவைப் பொறுத்து மூழ்கும் வேகம் மாறும். அந்த வேகத்தை, நூல் ஒரு வினாடிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்ற கணக்கில் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். இன்டர்மீடியட் எனப்படும் மிக மெதுவான நூல் வினாடிக்கு 1 முதல் 2 அங்குலம் இறங்கும். டைப் 3 ஏறத்தாழ 3 அங்குலமும், டைப் 5 ஏறத்தாழ 5 அங்குலமும், டைப் 7 ஏறத்தாழ 7 அங்குலமும் இறங்கும். 3 மீட்டர் ஆழத்தை அடைய, வினாடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கும் இன்டர்மீடியட் நூலுக்கு ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் ஆகும். டைப் 3 நூலுக்குச் சுமார் 40 வினாடியும், டைப் 7 நூலுக்குச் சுமார் 17 வினாடியும் போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மிக வேகமாக மூழ்கும் நூலையே முதலில் வாங்குகிறார்கள். ஆழத்தில்தான் பெரிய மீன் இருக்கும் என்ற நம்பிக்கை அதற்குக் காரணம். ஆனால் வெயில் எட்டும் ஆழம் வரைதான் நீர்ச்செடி வளரும் என்பதால், ட்ரவுட்டின் உணவும் பெரும்பாலான ஏரிகளில் 6 மீட்டருக்கு உட்பட்ட நீரிலேயே மிகுதியாக இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால் இன்டர்மீடியட்டையும், இரண்டு வாங்க முடிந்தால் அதனுடன் டைப் 3 அல்லது டைப் 5 நூலையும் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. வாங்கும்போது, நுனி முதல் தடிமனான நடுப்பகுதி வரை சீராக மூழ்குமாறு அடர்த்தி சரிசெய்யப்பட்ட நூல்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். அவ்வாறு சரிசெய்யப்படாத நூலில் தடிமனான நடுப்பகுதி முதலில் தாழ்ந்து, மெல்லிய நுனி மேலேயே தங்கிவிடும். நூல் நடுவில் தொய்ந்து வளைந்திருப்பதால் மீன் கொத்தியதைக் கை உணர்வதற்குள் அது ஃப்ளையைத் துப்பிவிடும்.

இந்த முறையின் உயிர்நாடி எண்ணுவதுதான். ஃப்ளை நீரில் விழுந்த கணத்திலிருந்து ஒரே சீரான வேகத்தில் வினாடிகளை எண்ண வேண்டும். முதல் வீச்சில் 10 வரை எண்ணி இழுத்துப் பார்க்கலாம். மீன் தொடவில்லை என்றால் அடுத்ததில் 20, பிறகு 30 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். கொக்கியில் நீர்ச்செடி சிக்கி வரும் எண்ணிக்கை எதுவோ, அதுவே அடித்தரையை எட்டும் எண்ணிக்கை. அதிலிருந்து சில வினாடிகளைக் குறைத்துக்கொண்டால் ஃப்ளை செடிகளின் தலைக்கு மேல் தடையின்றி ஓடும். மீன் கொத்தியதும் அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த வீச்சிலும் அதே எண்ணிக்கைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு மீன் உண்ணும் ஆழத்தில் வேறு சில மீன்களும் உண்ணுவது வழக்கம் என்பதால், எண்ணாமல் இழுப்பவர் ஒரு மீனோடு நின்றுவிட, எண்ணி இழுப்பவர் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருப்பார். இழுக்கும்போது ஃப்ளை சிறிது சிறிதாக மேலேறும் என்பதையும், வேகமாக இழுத்தால் அது இன்னும் விரைவில் ஏறிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆழத்தைத் தக்கவைக்க விரும்பினால் மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தே தீர வேண்டுமென்றால் ஒரு படி வேகமாக மூழ்கும் நூலுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

எந்த ஆழத்தில் முதலில் தேடுவது என்பதை நீரின் வெப்பநிலை ஓரளவு சொல்லிவிடும். ட்ரவுட்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரையிலான நீர் உகந்தது. கோடையில் மேல்நீர் சூடேறி லேசாகி மிதக்க, கனமான குளிர்நீர் அடியில் தங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் வெப்பம் சட்டென்று குறையும் ஓர் அடுக்கு உருவாகும். அதற்குக் கீழே குளிர்ச்சி இருந்தாலும், செழிப்பான ஏரிகளில் உயிர்வளி குறைந்துபோவதால் மீன் அங்கே தங்காது. ஆகவே கோடை நண்பகலில் அந்த அடுக்கை ஒட்டிய ஆழமும், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கரையோர ஆழங்குறைந்த நீரும் முதலில் தேட வேண்டிய இடங்கள்.

லீடரைப் பொறுத்தவரை, மிதக்கும் நூலுக்குக் கட்டுவதைப் போல் நீளமாகக் கட்டத் தேவையில்லை. நீண்ட லீடரில் கட்டிய லேசான ஃப்ளை, நூல் தாழ்ந்த பின்னும் வெகுநேரம் மேலேயே நிற்கும். ஒற்றை ஃப்ளைக்கு ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் வரையிலான ஃப்ளூரோகார்பன் லீடர் போதும். நுரைக்கண் வைத்த மிதக்கும் ஃப்ளையை வேகமாக மூழ்கும் நூலில் கட்டும்போது லீடரை இன்னும் குறைக்கலாம்: நூல் தரையில் படிந்துகிடக்க, ஃப்ளை லீடரின் நீளத்துக்குத் தரைக்கு மேலே எழும்பி நிற்கும், இழுக்கும்போது தலைகுத்திக் கீழே இறங்கி, நிறுத்தும்போது மீண்டும் எழும்.

மூழ்கிய நூலை நீருக்குள்ளிருந்து அப்படியே பின்வீச்சுக்கு, அதாவது முன்னால் வீசுமுன் நூலைப் பின்னால் வீசுவதற்கு, இழுத்தெடுக்க முயன்றால் தடி முறியும் அபாயம் உண்டு. நூலின் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டு, நூலைப் பின்னால் வீசாமல் முன்னோக்கி உருளவிடும் ஓர் உருள்வீச்சால் மீதியை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து, அது மீண்டும் தாழ்வதற்குள் பின்வீச்சைத் தொடங்க வேண்டும். கையை நிதானமாக அசைத்து, காற்றில் நூல் வளைந்து செல்லும் வளையத்தை அகலமாக விட்டு, காற்றில் வீசும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது நல்லது.

இழுக்கும் நேரம் முழுவதும் தடியின் நுனி நீரைத் தொட்டுக்கொண்டோ சற்றே நீருக்குள்ளோ இருக்க வேண்டும். தடி, நூல், ஃப்ளை மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால்தான் மெல்லிய கொத்தலும் விரலுக்குத் தெரியும். மீன் பட்டதும் தடியைத் தூக்காமல், இழுக்கும் கையாலேயே நூலை நீளமாக இழுத்துக் கொக்கியைப் பதிக்க வேண்டும். ஃப்ளை படகுக்கருகில் வந்துவிட்டதும் உடனே வெளியே எடுத்துவிடாமல், தடியை மெதுவாக உயர்த்தி 10 வினாடி அளவுக்கு அப்படியே நிறுத்த வேண்டும். வெகுதூரம் பின்தொடர்ந்து வந்தும் தயங்கிய மீன், ஃப்ளை மேலெழும்போதும் நிற்கும்போதும் பாய்ந்து கவ்வுவது இந்த முறையில் அடிக்கடி நடப்பது. பல நூல்களில் இப்படி நிறுத்த வேண்டிய இடத்தைக் கண்ணால் காணவோ விரலால் உணரவோ வேறு நிறமோ தடிப்போ வைத்திருப்பார்கள். பொறுமையற்றவர்களுக்கு அது ஒரு நல்ல எச்சரிக்கை.

நங்கூரமிட்ட படகில் முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போடுவது அவசியம். ஒன்றை மட்டும் போட்டால் காற்றில் படகு ஊசலாடி, நூல் பக்கவாட்டில் வளைந்து, எண்ணிய கணக்கெல்லாம் பொய்த்துவிடும். படகைக் காற்றோடு மிதக்கவிட்டு முன்னால் வீசும்போது, படகு நூலை நோக்கி நகர்வதால் ஏற்படும் தொய்வை எண்ணும்போதே மெல்லச் சுருட்டிக்கொள்ள வேண்டும். வேகம் அதிகமாக இருந்தால் நீரில் விரியும் துணிக்குடையைக் கட்டிப் படகின் ஓட்டத்தைக் குறைக்கலாம். மூழ்கும் நூல் ரீலில் சுருண்டே கிடப்பதால், குறிப்பாகக் குளிர்ந்த காலையில், அதன் சுருளை நீக்குவதற்காக முதல் வீச்சுக்கு முன் கைகளால் இழுத்து நீட்டிவிட வேண்டும்.