ஒய்37.541ஏ: அணுகுண்டுச் சோதனையில் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்குக் கோடிங் செய்வது எப்படி?

மெடிக்கல் கோடிங், அதாவது நோயையும் காயத்தையும் குறியீடுகளாக எழுதும் வேலை, படிக்கும்போது, அமெரிக்காவில் பயன்படும் ஐசிடி-10-சிஎம் குறியீட்டுப் புத்தகத்தின் 20-ஆம் அத்தியாயத்தை (காயத்தின் வெளிக்காரணங்கள்) பலரும் வேகமாகப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதிலும் ஒய்37.5 வரிசை, அதாவது அணு ஆயுதம் சம்பந்தப்பட்ட ராணுவ நடவடிக்கைகள், யாருக்குத் தேவைப்படப் போகிறது என்றுதான் தோன்றும். ஆனால் அந்த வரிசைக்குப் பொருந்தும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா மார்ஷல் தீவுகளின் பிகினியில் 'காசில் பிராவோ' குண்டை வெடித்துப் பார்த்தது. அதன் வெடிப்பு ஆற்றல் 15 மெகாடன். விஞ்ஞானிகள் கணித்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சில மணி நேரத்தில் ரோங்கெலாப் தீவில் வெள்ளைப் பொடி கொட்டியது. கதிர்வீச்சேறிய பவளத்தூள் அது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். வாந்தி, அரிப்பு, தோல் புண், முடி உதிர்தல் எல்லாம் பின்னாலேயே வந்தன. இரண்டு நாள் கழித்துத்தான் மக்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். இன்று அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் ஊரில் மார்ஷல் தீவு மக்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு முதியவரின் சார்ட் (மருத்துவப் பதிவு) சென்னையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் திரைக்கே வரலாம்.

1954-இல் இந்தக் குறியீடுகள் கிடையாது. பயிற்சிக்காக, அந்த நாள் நோயாளி இன்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: காயத்தை முதலில் எழுதுங்கள்

ஒய் குறியீடு காரணத்தைத்தான் சொல்லும், நோயைச் சொல்லாது. அதனால் அது ஒருபோதும் முதல் வரியில் வராது. சார்ட்டில் இப்படி இருக்கிறது: ரோங்கெலாப் பெண், கழுத்தில் இரண்டாம் நிலைத் தீப்புண், உடல் பரப்பில் 10 சதவீதத்துக்கும் குறைவு, கதிர்வீச்சால் வந்த இரைப்பை-குடல் அழற்சி.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். கதிர்வீச்சு என்ற சொல்லைப் பார்த்ததும் கை நேராக டி66-க்கு (ஆங்கிலத்தில் T66) போகும். டி66 என்பது 'கதிர்வீச்சு நோய், விவரம் குறிப்பிடப்படாதது'. அதன் கீழே இருக்கும் 'எக்ஸ்க்ளூட்ஸ் 1' குறிப்பை (இந்தக் குறியீட்டோடு சேர்த்துப் போடக் கூடாதவற்றின் பட்டியல்) ஒரு வரி விடாமல் படியுங்கள். தீப்புண், ரத்தப் புற்றுநோய், கதிர்வீச்சுக் குடல் அழற்சி என்று குறிப்பான பாதிப்பு தெரிந்தால் டி66 கூடாது என்கிறது. அப்படியானால் நமக்கு வருவது டி20.27எக்ஸ்ஏ, கே52.0, பரப்பளவுக்கு டி31.0. மருத்துவர் 'கதிர்வீச்சு நோய்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் டி66.எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஏ போடலாம்.

படி 2: போரா, போர் இல்லாத காலமா?

ஒய்36 போர் நடவடிக்கைகளுக்கு. ஒய்37 என்பது அமைதிக் காலத்தில் ராணுவ இடங்களிலும் வழக்கமான ராணுவப் பயிற்சி, நடவடிக்கைகளிலும் ஏற்படும் காயங்களுக்கு. 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா என்றால் ஒய்36. பிராவோ சோதனை என்றால் ஒய்37. பயங்கரவாதத்துக்கு ஒய்38 தனியாக இருக்கிறது. அதுவும் அமெரிக்காவின் எஃப்பிஐ அப்படி அடையாளம் காட்டியிருந்தால்தான்.

படி 3: குண்டின் எந்த விளைவு?

ஐந்தாம் இடத்து எண் இதைச் சொல்லும். வெடிப்பின் அழுத்தம் நேராகத் தாக்கினால் ஒய்37.51. தூக்கி எறியப்பட்டாலோ இடிபாட்டில் நசுங்கினாலோ 52. தீக்கோளத்தின் வெப்பம் 53. கதிர்வீச்சும் கதிரியக்கத் தூசியும் 54. மற்றவை 59. விளைவு எது என்றே சார்ட்டில் இல்லையென்றால் 50.

நம் நோயாளியின் புண் வெப்பத்தால் வந்ததல்ல. தோலில் படிந்த தூசியால் வந்தது. தீப்புண் என்று எழுதியிருக்கிறதே என்று 53 போட்டுவிடாதீர்கள். 54-தான் சரி.

படி 4: யார்?

ஆறாம் இடத்தில் ராணுவத்தினருக்கு 0, பொதுமக்களுக்கு 1. ரோங்கெரிக் தீவில் வானிலை நிலையத்தில் இருந்த 28 அமெரிக்க ராணுவத்தினர் மீதும் இதே தூசிதான் விழுந்தது. அவர்களுக்கு 0. ரோங்கெலாப் பெண்ணுக்கு 1. 'லக்கி டிராகன் 5' என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் 23 பேருக்கும் 1. அவர்களில் ஐகிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார். அவர்கள் பிழைப்புக்காகக் கடலில் இருந்தவர்கள் என்பதால், கூலிக்குச் செய்யும் வேலை என்ற ஒய்99.0-வும் சேரும்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஒய்38-இல் 1 என்பது பொதுப் பாதுகாப்பு அலுவலர், 2-தான் பொதுமக்கள். பழக்கத்தில் மாற்றிப் போட்டால் நோயாளி வேறு ஆளாகிவிடுவார்.

படி 5: சிகிச்சை எந்தக் கட்டம்?

ஏழாம் எழுத்து: காயத்துக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும்போது ஏ, ஆறிவரும் காலத்தில் டி (டெல்டாவின் டி, டி66-இல் வருவது டைகரின் டி), பின்விளைவுக்கு எஸ். காயத்தின் ஏழாம் எழுத்தும் ஒய் குறியீட்டின் ஏழாம் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும்.

சரி, முழு வரிசை: டி20.27எக்ஸ்ஏ, கே52.0, டி31.0, ஒய்37.541ஏ.

ஸ்பிரிங்டேல் முதியவருக்கு?

கழுத்தில் பழைய தழும்பு, அது அந்தப் புண்ணால் வந்தது என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். இப்போதிருக்கும் நிலை முதலில்: எல்90.5. அப்புறம் டி20.27எக்ஸ்எஸ், ஒய்37.541எஸ்.

தைராய்டுக் கட்டி என்றால் நிதானியுங்கள். ரோங்கெலாப்பில் குழந்தைகளாக இருந்த பலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தைராய்டுக் கட்டிகள் வந்தன என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் மருத்துவர் அந்தத் தொடர்பை எழுதாதவரை நாமாக ஒய்37 சேர்க்க முடியாது. 'பிறந்த ஊர் ரோங்கெலாப்' என்று சார்ட்டின் மூலையில் ஒரு வரி கண்ணில் பட்டால், கடந்து போகாமல் மருத்துவருக்கு ஒரு குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். இந்த ஒய் குறியீடுகளை அமெரிக்கா முழுவதும் கட்டாயமாக்கவில்லை, மாநிலமோ காப்பீட்டு நிறுவனமோ கேட்டால்தான் கட்டாயம். விட்டுவிட்டாலும் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த மனிதருக்கு நேர்ந்தது என்ன என்று கோடிங் பதிவில் சொல்லும் இடம் அந்த ஒற்றை வரிதான்.