நைட் டியூட்டி முடிந்து வருபவருக்கு வீட்டைப் பழக்குவது எப்படி

என் மனைவி நர்ஸ். நைட் டியூட்டி வாரங்களில் காலை எட்டரைக்கு மூன்று மாடி ஏறி வருவாள். ஹாலில் டியூப்லைட் பளீரென்று எரியும், குக்கர் கத்தும், அவள் கண்ணயரும் நேரம் பார்த்துக் காலிங்பெல் அடிக்கும். இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் சரிசெய்யத்தான் இறங்கினேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். ஒரே நாளில் வீடு முழுவதையும் மாற்றப் போனால் சண்டைதான் வரும்.

முதல் வாரம் எதுவும் வாங்காதீர்கள். களைத்து வருபவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். இவள் பையைப் போட்டதும் டியூப்லைட்டை அணைப்பாள், ஏசியை 26-ல் வைப்பாள், பெல்லைத் திட்டுவாள். வீட்டுக்குச் சொல்லித்தர வேண்டியது அவ்வளவுதான்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் போட்டேன். வீட்டுச் சாதனங்களை விதிப்படி இயக்கும் இலவச மென்பொருள் அது, தகவல் வீட்டைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளலாம். ஒளியின் நிறம் 2700 கெல்வின் (மஞ்சள்) முதல் 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை) வரை மாறும் பல்ப் இரண்டு, ஏசி ரிமோட்டுக்குப் பதிலாக ஒரு ஐஆர் (அகச்சிவப்பு) பெட்டி, பெல்லுக்கு ஒரு ரிலே, அதாவது மென்பொருள் இயக்கும் சுவிட்ச். ரிலேயை எலக்ட்ரீஷியன் மாட்டட்டும்.

இரவெல்லாம் வெளியே இருந்த அவள் போன் காலை 7.30-க்கும் 9.30-க்கும் இடையில் வைஃபையில் சேர்ந்தால் பல்ப் 2700 கெல்வினுக்கு மாறி 20 சதவீதத்துக்கு இறங்கும், ஏசி ஓடும், பெல் ஊமையாகும். நம் உடல் கடிகாரத்துக்குச் சேதி சொல்லும் விழித்திரை செல்கள் 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்குத்தான் அதிகம் மசியும். அதனால்தான் மஞ்சள். நிறத்தை மாற்றிவிட்டுப் பிரகாசத்தை அப்படியே விட்டால் பயன் குறைவு. ஜன்னலில் வெயில் அடித்தால் இந்தச் செலவே வீண். முதலில் தடித்த திரைச்சீலை வாங்குங்கள். போனில் அவள் வைத்த அலாரத்துக்கு 20 நிமிடம் முன்பிருந்து வெளிச்சம் மெல்ல ஏறும்.

அப்புறம் கொஞ்சம் பேராசைப்பட்டேன். கைப்பட்டையில் நாடித்துடிப்பு 95-ஐத் தாண்டினால் மன அழுத்தம் என்று ஒரு விதி எழுதினேன். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தவள் தலைக்கு மேல் விளக்கு மங்கியது. அன்று வாங்கிய திட்டு தனி. துடிப்பை அவரவர் வழக்கமான அளவோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் பத்து நிமிடமாவது நடமாட்டம் இல்லாதபோது. அப்போதும் கிரிக்கெட் பார்ப்பவருக்கு எகிறும். இப்போது துடிப்பு ஏறினால் 'விளக்கைக் குறைக்கட்டுமா?' என்று போனில் கேட்கும், அவ்வளவே. முகத்தைப் பார்த்து மனநிலையை ஊகிக்கும் கேமரா வேண்டவே வேண்டாம். வேலையிடத்திலும் பள்ளியிலும் மனநிலையை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை, சில விலக்குகள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியமே 2025 பிப்ரவரி முதல் தடுத்திருக்கிறது. நாம் படுக்கையறையில் வைப்பானேன்?

கரண்ட் போய் வந்தால் பல பல்புகள் முழு வெள்ளையில் எரியும். தூங்குபவர் முகத்தில் நடுப்பகலில் அது அடித்தால் கதை கந்தல். பல்பின் செயலியில் 'மின்சாரம் திரும்பும்போது பழைய நிலை' என்று மாற்றிவிடுங்கள்.

சுவர் சுவிட்சை அணைத்தால் பல்புக்கு உயிரே இருக்காது என்பது அம்மாவுக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. பேட்டரியில் ஓடும் பட்டன் ஒன்றைச் சுவிட்ச்போர்டு பக்கத்திலேயே ஒட்டினேன். ஒரு தட்டு தட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு எல்லா விதியும் நிற்கும். பூஜை அறை விளக்கை மட்டும் தொடக்கூடாது என்றார். தொடவில்லை.