வட நார்வே குளிரில் பேட்டரி காலை வாரியபோது

பிப்ரவரியில் வட நார்வேயின் ஆல்டாவிலிருந்து ஈ6 சாலையில் ஸ்காய்டி நோக்கி மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். மைனஸ் 17 டிகிரி. இரண்டு டயரிலும் ஆணி பதித்திருந்ததால் பனிக்கட்டி மேலும் பிடிமானம் இருந்தது. (அங்கே அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை ஆணி டயருக்கு அனுமதி உண்டு.) சென்னாலாண்டெ மேட்டுநிலத்துக் காற்றை நினைத்துத்தான் பயந்தேன். காலை வாரியது பேட்டரி.

படம் எடுக்க வண்டியை அணைத்தேன். மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை; ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் ரிலே சுவிட்ச் 'டிக் டிக்' என்றது, அவ்வளவுதான். காரில் வந்த ஒரு பெண்மணி நிறுத்தி, தன் கார் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து உதவினார். அந்தக் குளிரில் அவர் காத்து நின்றதை மறக்கவே முடியாது.

அன்றிரவு கணக்குப் போட்டேன். சூடேற்றும் ஜாக்கெட் 90 வாட், கையுறை 50, ஹேண்டில் கிரிப் 40. மொத்தம் 180. என் வண்டியில் மற்ற தேவைகள் போக மிஞ்சுவதே 120 வாட்தான். பனியில் மெதுவாக ஓட்டினால் அதுவும் வராது. போதாததற்குக் குளிர் பேட்டரியின் திறனையும் குறைத்துவிடும்.

சரி, கையுறை இணைப்பைக் கழற்றிவிட்டு, கையை உள்ளே நுழைத்துக்கொள்ளும் தடித்த உறையை ஹேண்டிலில் மாட்டினேன். அதற்கு மின்சாரமே வேண்டாம். காற்று தடைப்பட்டதும் கிரிப்பின் சூடு உள்ளேயே தங்கியது. அப்புறம் ஒரு வோல்ட்மீட்டர்: ஓடும்போது 13.5க்குக் கீழே இறங்கினால் ஜாக்கெட் சூட்டைக் குறைத்துவிடுவேன். இரவில் பேட்டரியைக் கழற்றி அறைக்குள் வைத்துக்கொண்டேன். ஹோனிங்ஸ்வாக் போய்ச் சேரும்வரை தினமும் காலையில் முதல் அழுத்தலிலேயே ஸ்டார்ட் ஆனது.