நெப்ராஸ்காவில் தேர்தல் காலம்: புதிதாக வந்தவர்களுக்கு

ஓமஹாவுக்கோ லிங்கனுக்கோ வேலை கிடைத்து வருகிறவர்கள் வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், குளிருக்கு ஜாக்கெட், இந்திய மளிகைக் கடை என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். தேர்தலைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. நமக்குத்தான் ஓட்டு இல்லையே என்று விட்டுவிடுவார்கள். ஓட்டு இல்லைதான். ஆனால் அதிபர் தேர்தல் ஆண்டில் வந்து இறங்கினால் டிவி, தபால் பெட்டி, பக்கத்து வீட்டுப் புல்தரை என்று எங்கே பார்த்தாலும் அதுதான் இருக்கும். தெரியாமல்கூடச் செய்துவிடக் கூடாத காரியம் ஒன்றும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிரைவிங் லைசென்ஸ் வாங்க டிஎம்விக்குப் போகும்போது, வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா என்ற கேள்வியும் வரும். வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறார்கள், சீக்கிரம் முடித்துவிட்டுப் போகலாம் என்று கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டுவிடாதீர்கள். எச்1பி, எஃப்1, எச்4, எல்1, கிரீன் கார்டு எதுவாக இருந்தாலும் பதில் "இல்லை" என்பதுதான். குடியுரிமை இல்லாதவர் அது இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுவது நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம். பல வருடம் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் எதிரே வந்து நிற்கும். கடை வாசலிலும் நூலக வாசலிலும் அட்டையில் படிவத்தை மாட்டிக்கொண்டு கையெழுத்துக் கேட்பவர்களும் இருப்பார்கள். ஏதாவது ஒரு சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவதற்கான மனு அது. பதிவு செய்த வாக்காளர்கள் மட்டுமே அதில் கையெழுத்துப் போடலாம். சிரித்துக்கொண்டே "நான் வாக்காளர் இல்லை" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். தேர்தல் நன்கொடையும் அப்படித்தான். கிரீன் கார்டு உள்ளவர்கள் கொடுக்கலாம், விசாவில் இருப்பவர்கள் கூடாது.

சரி, இனி ஊரைப் பார்ப்போம்.

தேர்தல் இரவு டிவியில் காட்டும் வரைபடத்தில் நெப்ராஸ்கா முழுக்கச் சிவப்பாக இருக்கும். நம் ஊரில் சிவப்பு என்றால் கம்யூனிஸ்ட் கொடி. இங்கே அதற்கு நேர் எதிர், குடியரசுக் கட்சி. 1936க்குப் பிறகு ஒரே ஒரு தடவை, 1964இல் ஜான்சன் நின்றபோதுதான், இந்த மாநிலம் ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு வெற்றி கொடுத்தது. 2024இல் டிரம்ப் இங்கே 59 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. மொத்தம் 93 கவுண்டிகளில் ஜனநாயகக் கட்சியின் ஹாரிஸ் ஜெயித்தது இரண்டில்தான்: ஓமஹா இருக்கும் டக்ளஸ், லிங்கன் இருக்கும் லங்காஸ்டர். நம்மவர்களில் பெரும்பாலானோர் குடியிருப்பதும் இந்த இரண்டு இடங்களில்தான் என்பதால், ஆபீஸில் கேட்கும் பேச்சை வைத்து மாநிலத்தை எடை போட முடியாது.

பெரும்பாலான மாநிலங்களில் இல்லாத ஒரு வழக்கம் இங்கே உண்டு. அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலவாரியாக வரும் 538 தேர்வாளர் ஓட்டுகள்தான் முடிவு செய்கின்றன. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் மொத்தமும் ஜெயித்தவருக்கே. நெப்ராஸ்காவும் மெய்னும் மட்டும் பங்கு பிரிக்கின்றன. நெப்ராஸ்காவுக்கு 5 ஓட்டு. மாநிலம் முழுக்க முந்தியவருக்கு 2. மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முந்தியவருக்கு அந்தத் தொகுதியின் 1. இந்த முறை 1992 தேர்தலிலிருந்து நடக்கிறது. முதல் நான்கு தேர்தல்களில் ஐந்தும் ஒரே கட்சிக்குத்தான் போயின. 2008இல் ஓமஹா அடங்கிய இரண்டாம் தொகுதியை ஒபாமா பிடித்தார். பிறகு 2020இல் பைடன், 2024இல் ஹாரிஸ்.

அந்த ஒற்றை ஓட்டுக்காகத்தான் ஓமஹாவில் இவ்வளவு விளம்பரம். 2024இல் ஒரு கணக்கு எல்லோர் வாயிலும் இருந்தது. ஹாரிஸ் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் பிடித்து, இழுபறியில் இருந்த மற்ற மாநிலங்களை எல்லாம் விட்டால் 269. ஓமஹா சேர்ந்தால் 270, அதாவது ஜனாதிபதி. கடைசியில் அந்த மூன்றுமே கைவிட்டுப் போனதால் கணக்கு வீணாயிற்று, அது வேறு கதை. ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் ஓமஹா வீட்டு வாசல்களில் எழுத்து எதுவும் இல்லாமல், வெள்ளைப் பலகையில் நீல வட்டம் மட்டும் வரைந்த அட்டைகள் நிறைய முளைத்தன. சிவப்பு மாநிலத்தில் நாங்கள் நீலப் புள்ளி என்று அர்த்தம். புதிதாக வந்தவர்கள் ஏதோ வீடு விற்கிற கம்பெனியின் விளம்பரம் என்று நினைத்தால் ஆச்சரியமில்லை.

மற்ற மாநிலங்களைப் போல மொத்தத்தையும் ஒருவருக்கே கொடுக்கும்படி மாற்ற வேண்டும் என்ற முயற்சி அவ்வப்போது வருகிறது. 2024 செப்டம்பரில் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது நெருக்கடி உச்சத்துக்குப் போனது. தெற்கு கரோலினாவின் குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரஹாம் மாநிலத் தலைநகரான லிங்கனுக்கே நேரில் வந்து பேசினார். இங்கே சட்டமன்றம் ஒரே அவை, 49 பேர், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. பேசிப் பேசியே மசோதாவை நிறுத்திவைக்கும் இழுத்தடிப்பை முறியடிக்க 33 பேர் வேண்டும். ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறியிருந்த ஓமஹா உறுப்பினர் மைக் மெக்டானல், தேர்தல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது மாற்றக் கூடாது என்று சொல்லிவிட, கதை அத்தோடு முடிந்தது. 2025லும் முயன்றார்கள், நிறைவேறவில்லை.

ஓமஹாவை விட்டு ஐ-80 சாலையில் மேற்கே கிளம்பினால் வேறு நெப்ராஸ்கா. மக்காச்சோளம், சோயா, அப்புறம் மணல் மேடுகளில் மேயும் மாடுகள். செர்ரி கவுண்டி என்று ஒன்று, கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது, ஆனால் அங்கே ஆறாயிரம் பேர்கூட இல்லை. மாநிலத்தின் பெரும்பகுதி நிலம் மூன்றாம் தொகுதிக்குள் அடங்கிவிடும், அங்கே நான்கில் மூன்று ஓட்டு டிரம்புக்குத்தான். சின்ன கவுண்டிகள் சிலவற்றில் வாக்குச்சாவடியே கிடையாது, எல்லோருக்கும் சீட்டு தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். தபால் ஓட்டு என்றாலே சந்தேகம் என்று வாஷிங்டனில் அவர்கள் கட்சிக்காரர்கள் பேசிக்கொண்டிருக்க, இங்கே பண்ணைக்காரர்கள் அதே முறையில் அமைதியாகப் போட்டு அனுப்புகிறார்கள்.

அவர்கள் ஏன் இப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேட்டால், நகரத்தில் இருப்பவர்கள் சட்டென்று ஒரு பதில் சொல்வார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். சர்ச், கருக்கலைப்பு, துப்பாக்கி எல்லாம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பணம் பெரும்பாலும் சொத்து வரியிலிருந்து வருவதால், நிலம் நிறைய இருந்து கையில் காசு இல்லாத விவசாயிக்கு வரி என்ற சொல்லே வயிற்றெரிச்சல். தண்ணீருக்கும் மாட்டுக்கும் தூரத்தில் உட்கார்ந்து விதி போடுகிறார்கள் என்ற கோபமும் உண்டு. அதே சமயம் பயிர்க் காப்பீட்டு மானியமும் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் விதியும் வாஷிங்டனிலிருந்துதான் வருகின்றன. 2018இல் சீனாவோடு வரிச் சண்டை வந்து சோயா விலை விழுந்தபோது, மத்திய அரசு நிவாரணப் பணம் கொடுத்தது. 2020இல் ஓட்டு மாறவில்லை.

ஆனால் அதிபர் ஓட்டை மட்டும் பார்த்து இவர்களைக் கட்டம் கட்டிவிட முடியாது. 2018இல் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவ உதவியை விரிவாக்கியது மக்கள் வாக்கெடுப்பு. 2024இல் டிரம்புக்குப் போட்ட அதே சீட்டில், மருத்துவக் கஞ்சாவுக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்புக்கும் பெரும்பான்மையாக ஆமாம் சொன்னார்கள். கருக்கலைப்பில் மட்டும் சுமார் 12 வாரத்துக்குப் பிறகு தடை என்ற பக்கம் நின்றார்கள். அதே தேர்தலில் செனட்டுக்குச் சுயேச்சையாக நின்ற தொழிற்சங்கக்காரர் டான் ஆஸ்பார்ன் 46 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். இரண்டாம் தொகுதி மக்களோ சீட்டின் மேலே அதிபருக்கு ஹாரிஸுக்கும் கீழே நாடாளுமன்றத்துக்குக் குடியரசுக் கட்சியின் டான் பேக்கனுக்கும் ஓட்டுப் போட்டு இரண்டு பேரையுமே ஜெயிக்க வைத்தார்கள். இன்னொன்று, மாநிலம் முழுக்க மின் விநியோகம் தனியாரிடம் இல்லாத ஒரே அமெரிக்க மாநிலம் இதுதான். ஓமஹாவில் உங்களுக்குக் கரண்ட் பில் அனுப்பும் ஓபிபிடியின் இயக்குநர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாட்டிலேயே இப்படிப் பொதுத்துறை மின்சாரம் வைத்திருக்கிற ஊர்க்காரர்களை ஒரே வார்த்தையில் பழமைவாதிகள் என்று முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

பழகும் விதம் பற்றிக் கொஞ்சம். யாருக்கு ஓட்டு என்று வேலை இடத்தில் கேட்கும் வழக்கம் இல்லை, நீங்களும் கேட்காதீர்கள். பேச்சு எடுக்க நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியான ஹஸ்கர்ஸின் ஃபுட்பால் இருக்கிறது, சனிக்கிழமை ஆட்டம் என்ன ஆயிற்று என்றால் எந்தக் கட்சிக்காரரும் அரை மணி நேரம் பேசுவார். பக்கத்து வீட்டு வாசலில் உங்களுக்குப் பிடிக்காத பெயர்ப் பலகை நின்றாலும், பனி கொட்டிய காலையில் உங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுபவர் அவராகவே இருக்கலாம். கதவைத் தட்டிப் பிரசாரம் செய்ய வருபவர்களிடம் "எனக்கு ஓட்டு இல்லை" என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

குடியுரிமைச் சத்தியம் எடுத்தாயிற்று என்றால் எல்லாம் தலைகீழ். உடனே பதிவு செய்யுங்கள். ஆன்லைனில் செய்ய தேர்தலுக்கு முந்தைய மூன்றாவது வெள்ளிக்கிழமைவரை நேரம், கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு நேரில் போனால் இரண்டாவது வெள்ளி மாலை 6 மணிவரை. வீடு மாறினால் முகவரியையும் மாற்றுங்கள், டக்ளஸ், மேற்கு சார்பி, சாண்டர்ஸ் பக்கம் இருந்தால்தான் இரண்டாம் தொகுதி. பெல்வியூவில் வீடு பிடித்தால் முதல் தொகுதி ஆகிவிடும். 2024 முதல் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம், லைசென்ஸ் போதும், பாஸ்போர்ட்டும் செல்லும். வாக்குச்சாவடி காலை 8 முதல் இரவு 8 வரை, மேற்கு ஓரத்தில் மலை நேரப்படி 7 முதல் 7 வரை. தபால் சீட்டும் அந்த மூடும் நேரத்துக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அன்றைக்கு முத்திரை குத்தியிருந்தால் போதும் என்பது இங்கே செல்லாது. சீட்டு காகிதம்தான், பெயருக்குப் பக்கத்தில் உள்ள முட்டை வட்டத்தைக் கறுப்பு மையால் முழுக்க நிரப்ப வேண்டும். அதிபரோடு நிற்காது. பல்கலைக்கழக ஆட்சிமன்றம், பள்ளிக் குழு, நீர்வள மாவட்டம், நீதிபதியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நீண்டுகொண்டே போகும். பாதிப் பேரை யாரென்றே தெரியாது. மாதிரிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போங்கள், பின்பக்கம் இருந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள்.